தாயை இழந்த கோவாலா குட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிஸ்பேன், கோல்ட் கோஸ்ட், சிட்னியின் தென்மேற்குப் புறநகர், அடிலெய்டு மலைப்பகுதி என்று கோவாலாக்கள் வாழும் இடங்களில் இன்று தமிழ்க் குடும்பங்களும் நிறையக் குடியேறியிருக்கின்றன. வேலியோரத் தைலமரத்தில் ஒன்று தூங்குவதைப் பார்த்துப் பழகியவர்கள்கூட, தரையில் குட்டி ஒன்று தனியாக உட்கார்ந்திருந்தால் என்ன செய்வதென்று தடுமாறிப்போகிறார்கள். அவர்களுக்காகவும், அந்தக் குட்டிகள் அப்புறம் என்ன ஆகின்றன என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்களுக்காகவும் இது.

குட்டி தனியாக இருக்கிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

உங்கள் மாநில விலங்கு மீட்பு அமைப்புக்குப் போன் செய்யுங்கள். நியூ சவுத் வேல்ஸில் வயர்ஸ் (1300 094 737), விக்டோரியாவில் வைல்ட்லைஃப் விக்டோரியா, குயின்ஸ்லாந்தில் ஆர்.எஸ்.பி.சி.ஏ. பல ஊர்களில் கோவாலாவுக்கென்றே தனி மீட்புக் குழுக்களும் உண்டு. எந்தத் தெரு, எந்த மரம், குட்டி எவ்வளவு பெரியது, கண்ணிலோ பின்பக்கத்திலோ ஈரம் தெரிகிறதா என்று சொல்லுங்கள். தள்ளி நின்று ஒரு படம் எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது.

ஆள் வரும்வரை உங்கள் வேலை காவல் மட்டும்தான். நாயைக் கட்டுங்கள், பிள்ளைகளை உள்ளே அனுப்புங்கள். குட்டி சாலையை நோக்கிப் போகிறதென்றால் துணிக்கூடையைத் தலைகீழாக அதன்மேல் கவிழ்த்து, மேலே ஒரு துண்டைப் போர்த்துங்கள். இருட்டாக இருந்தால் அது அடங்கி உட்காரும். வெறுங்கையால் தூக்க வேண்டாம். மரப்பட்டையில் குத்தி ஏறுவதற்கென்றே அமைந்த நகம் அது, குட்டியாக இருந்தாலும் கிழித்துவிடும். நன்றாகக் கடிக்கவும் செய்யும்.

அம்மா இரை தேடப் போயிருக்கலாம் இல்லையா?

மான், முயல் மாதிரி குட்டியை ஓரிடத்தில் விட்டுவிட்டு மேயப்போகும் பழக்கம் கோவாலாவுக்கு இல்லை. முதல் ஆறு மாதம் போல குட்டி தாயின் பைக்குள் இருக்கும். அப்புறம் வயிற்றிலும் முதுகிலும் தொற்றிக்கொண்டே ஏறத்தாழ ஒரு வயது வரை சுற்றும். அதற்குள் அது தனியாகக் கண்ணில் பட்டால் தாய்க்கு ஏதோ ஆகியிருக்கிறது, அல்லது குட்டி தவறி விழுந்திருக்கிறது. அதனால் அண்ணாந்து பக்கத்து மரங்களையும் பாருங்கள். தாய் மேலே இருந்தால் மீட்பவர்கள் இரண்டையும் சேர்த்துவைக்க முயல்வார்கள். அதைவிட நல்ல முடிவு எதுவும் இல்லை.

ஒரு வயது தாண்டிய இளம் கோவாலாக்கள் தாயைப் பிரிந்து சொந்த இடம் தேடி நடப்பது வேறு விஷயம். அவற்றுக்கு உடம்பு சரியாக இருந்தால் வழிவிட்டால் போதும். எது எந்த வயது என்று நாம் தீர்மானிக்க வேண்டாம், படம் எடுத்து அனுப்பிக் கேட்டுவிடலாம்.

சாலையில் அடிபட்டு இறந்த கோவாலாவைப் பார்த்தால்?

வண்டியைப் பத்திரமாக ஓரங்கட்ட முடிந்தால் மட்டும் நில்லுங்கள். மார்பின் நடுவில் பழுப்பு நிறத்தில் முடியில்லாத திட்டு தெரிந்தால் வளர்ந்த ஆண், விலங்கைச் சாலையோரம் நகர்த்திவிட்டுத் தகவல் சொன்னால் போதும். பெண் என்றால் வயிற்றில் பை இருக்கும். தாய் இறந்து நெடுநேரம் ஆனபிறகும் உள்ளே குட்டி உயிரோடு இருக்கலாம்.

பைக்குள் அசைவு தெரிந்தால் குட்டியை இழுக்கக் கூடாது. சின்னக் குட்டியின் வாய்க்குள் தாயின் முலைக்காம்பு புடைத்து நிரம்பியிருக்கும். பிடித்து இழுத்தால் வாயும் தாடையும் கிழிந்துபோகும். தாயின் உடலோடு அப்படியே துண்டில் சுற்றிக் கொண்டுபோவதுதான் சரி. தாயின் உடல் குளிரக் குளிர உள்ளே குட்டியும் குளிர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் தாமதிக்க வேண்டாம்.

பசும்பால் கொடுக்கலாமா? தண்ணீராவது?

இரண்டும் வேண்டாம். பசும்பாலில் உள்ள லாக்டோஸைக் கோவாலா குட்டியால் செரிக்க முடியாது. வயிற்றுப்போக்கு பிடிக்கும், கையளவு உயிருக்கு அது ஒன்றே போதும். குழந்தைக்குக் கொடுக்கும் பால் மாவும் அப்படித்தான். குளிர்ந்துபோன குட்டிக்கு எந்தப் பாலும் செரிக்காது என்பதால், பராமரிப்பவர்களே முதலில் உடலைச் சூடாக்கி, நீரிழப்பைச் சரிசெய்த பிறகுதான் பாலைத் தொடுவார்கள். உங்கள் வீட்டில் ஒருமணி நேரம் பசியோடு இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது.

தண்ணீர் பற்றிய தவறான எண்ணத்துக்கு ஒரு புகழ்பெற்ற படமும் காரணம். 2009 பிப்ரவரியில் விக்டோரியாவில் தீயணைப்பு வீரர் டேவிட் ட்ரீ, சாம் என்று பின்னால் பெயரிடப்பட்ட கோவாலாவுக்குப் பாட்டிலில் தண்ணீர் கொடுக்கும் படம் உலகம் முழுக்கப் போனது. அன்றைக்கு அந்த இடத்தில் அவர் செய்தது இரக்கம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதைப் பார்த்து எல்லோரும் பாட்டிலைச் சாய்க்கக் கிளம்பியதுதான் சிக்கல். தலையை அண்ணாந்த நிலையில் வாயில் ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். வெயில் காலத்தில் தண்ணீர் வைக்க ஆசையென்றால் மரத்தடியில் அகலமான பாத்திரத்தில் வையுங்கள், வேண்டுமென்றால் அதுவே குடித்துக்கொள்ளும்.

நானே வீட்டில் வைத்து வளர்க்கலாமா?

சட்டப்படி முடியாது. கோவாலாவைச் செல்லப்பிராணியாக வைத்துக்கொள்ள ஆஸ்திரேலியாவில் எங்குமே அனுமதி இல்லை. மீட்டு வளர்ப்பதற்கும் மாநில அரசின் அனுமதியோ, அனுமதி பெற்ற அமைப்பில் உறுப்பினராக இருப்பதோ வேண்டும். பயிற்சி எடுத்து முதலில் எளிய விலங்குகளைப் பார்த்துக்கொண்டு, அனுபவம் வந்த பிறகுதான் கோவாலாவை நம்பித் தருவார்கள். வருமானம் கிடையாது, பெரும்பாலும் கைக்காசுதான் செலவாகும். இந்தக் கெடுபிடி எனக்கு நியாயமாகவே படுகிறது. காரணம் கீழே வரும் பதில்களில் தெரியும்.

எவ்வளவு சின்னக் குட்டியைக் காப்பாற்ற முடியும்?

கோவாலாவின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 35 நாள்தான். பிறக்கும்போது குட்டி ஒரு மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கும். எடை ஒரு கிராமைத் தொடாது. கண்ணும் காதும் மூடியிருக்கும், முடி கிடையாது. அந்த நிலையில் தானாக ஊர்ந்து பைக்குள் போய் முலைக்காம்பைக் கவ்விக்கொள்கிறது. அந்த அளவில் தாயை இழந்தால் காப்பாற்ற வழியில்லை. முடி முளைக்காத, ரோஸ் நிறக் குட்டிகள் பிழைப்பது மிகவும் கடினம். கண் திறந்து, மெல்லிய முடி போர்த்த பிறகு கிடைத்தால் நம்பிக்கை கூடும். பையை விட்டு வெளியே வந்து இலை மெல்லத் தொடங்கிய குட்டி என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

குட்டியை வளர்ப்பவரின் ஒரு நாள் எப்படி இருக்கும்?

தூக்கம் கெட்டது. முடியில்லாத குட்டிக்குச் செயற்கைப் பையில் 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும், முடி வளர வளரக் குறைத்துக்கொண்டு வரலாம். துணிப்பைக்குள் துணிப்பையாக வைத்து, பக்கத்தில் வெப்பமானி வைத்து, இரவும் பகலும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சின்னக் குட்டிக்கு மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பால். லாக்டோஸ் குறைத்து, பைவாழ் விலங்குகளுக்கென்றே தயாரிக்கும் வொம்பாரூ, பயோலாக் போன்ற பால் மாவுகள் கிடைக்கின்றன. தாயின் பால் குட்டியின் வயதுக்கேற்ப மாறிக்கொண்டே போவதால் மாவையும் பருவத்துக்கேற்ப மாற்ற வேண்டியிருக்கிறது.

பாலை உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, நீண்ட மெல்லிய ரப்பர் காம்பு மாட்டிய பாட்டிலில் அல்லது சிரிஞ்சில் துளித்துளியாகக் கொடுப்பார்கள். அவசரப்பட்டால் மூக்கில் ஏறிவிடும். பால் குடித்த பிறகு, வெந்நீரில் நனைத்த பஞ்சால் பின்பக்கத்தை மெதுவாகத் தடவிச் சிறுநீர் கழிக்க வைக்க வேண்டும். காட்டில் தாய் நக்கிவிடும் வேலை அது. முகத்தில் ஒட்டிய பாலைத் துடைத்து, பாட்டிலைக் கொதிநீரில் போட்டு, எடை பார்த்து நோட்டில் எழுதுவதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். சுத்தம் கொஞ்சம் தவறினால் வாயிலும் குடலிலும் பூஞ்சைத் தொற்று வரும்.

எடை பார்ப்பதில் ஒரு வேடிக்கை உண்டு. தராசுத் தட்டில் தனியாக விட்டால் குட்டி பதறி, பக்கத்தில் இருப்பவர் மணிக்கட்டில் தாவி ஏறிவிடும். அதனால் பஞ்சுப் பொம்மையைக் கட்டிக்கொண்டிருக்கும் நிலையிலேயே தராசில் வைத்து, பொம்மையின் எடையைக் கழித்துக்கொள்வார்கள்.

அந்தப் பொம்மை வெறும் அலங்காரமா?

இல்லை. குட்டிக்கு எந்நேரமும் கட்டிப்பிடிக்க ஏதாவது வேண்டும். தாயின் வயிறு இல்லாத இடத்தில் பொம்மை அந்த வேலையைச் செய்கிறது, பால் குடிக்கும்போதும் தூங்கும்போதும் அதை விடாது. பராமரிப்பவரின் சட்டையை விட்டுப் பொம்மையைப் பிடிக்கப் பழகுவது குட்டிக்கும் நல்லது. ஒத்த வயதில் இன்னொரு குட்டி கிடைத்தால் இரண்டையும் சேர்த்து வளர்ப்பார்கள். பொம்மையைவிட அது பல மடங்கு மேல்.

‘குட்டிக்கு மலம் ஊட்டுவார்கள்’ என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

தைலமர இலையில் சத்து குறைவு, நார் அதிகம், போதாக்குறைக்கு நஞ்சும் உண்டு. நஞ்சை முறிக்கும் வேலையைக் கோவாலாவின் கல்லீரல் பார்த்துக்கொள்கிறது. 2018இல் வெளியான கோவாலா மரபணுத் தொகுதி ஆய்வில், நஞ்சை முறிக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் இந்த விலங்கில் வழக்கத்துக்கு மாறாகப் பெருகியிருப்பது தெரிந்தது. இலையை நொதிக்கவைத்துச் சத்தைப் பிரிப்பதோ குடலில் வாழும் நுண்ணுயிர்களின் வேலை. சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் கோவாலாவுக்கு இரண்டு மீட்டர் வரை நீளக்கூடிய ஒரு பை இருக்கிறது, அந்த நுண்ணுயிர்கள் அங்கேதான் குடியிருக்கின்றன. குட்டி பிறக்கும்போது அவை அதனிடம் கிடையாது.

ஏறத்தாழ ஆறு மாத வயதில் தாய் வழக்கமான கெட்டி உருண்டைகளுக்குப் பதிலாக, பச்சை கலந்த குழைவான ஒன்றைக் கழிக்கும். பராமரிப்பவர்கள் அதைப் பாப் என்பார்கள். குட்டி பையிலிருந்து தலையை நீட்டி, மூஞ்சியெல்லாம் பூசிக்கொண்டு அதை நக்கித் தின்னும். கங்காருவின் பை மேல்நோக்கித் திறக்கும். கோவாலாவின் பையோ கீழ்ப்பக்கமாகத் திறப்பதால் குட்டிக்கு அது எட்டுகிறது. சில நாள், சில வாரம் இது நடந்த பிறகுதான் குட்டி இலைக்கு மாறும்.

தாயில்லாத குட்டிக்கு யார் பாப் கொடுப்பது? நோயில்லாத வளர்ந்த கோவாலாவின் புத்தம்புதுச் சாணத்தைக் கரைத்து வடிகட்டிப் பாலோடு கொடுப்பது ஒரு வழி. விபத்தில் இறந்த ஆரோக்கியமான கோவாலாவின் குடல் பையிலிருந்து எடுத்துப் பயன்படுத்துவதும் உண்டு. கொடுப்பதற்கு முன் நோய்ச் சோதனை அவசியம். கேட்க அருவருப்பாக இருந்தாலும், இது இல்லாமல் குட்டி வயிறு நிறைய இலை தின்றும் மெலிந்துகொண்டே போகும். எத்தனை பாசமாக எத்தனை லிட்டர் பால் ஊற்றினாலும் இதை ஈடுகட்ட முடியாது. பயிற்சியில்லாதவர்கள் குட்டியை வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

இந்த நுண்ணுயிர்கள் எந்த மர இலையைத் தின்ன முடியும் என்பதையும் ஓரளவு தீர்மானிக்கின்றன. 2013இல் விக்டோரியாவின் கேப் ஆட்வேயில் கோவாலாக்கள் பெருகி, தங்களுக்குப் பிடித்த மன்னா கம் மரங்களை மொட்டையடித்துவிட்டுப் பட்டினியில் செத்தன. பக்கத்திலேயே மெஸ்மேட் என்ற வேறு வகைத் தைலமரம் தழைத்து நின்றது. பிறகு நடந்த ஆய்வில், மெஸ்மேட் தின்னும் கோவாலாவின் சாணத்தை மாத்திரையாக்கிக் கொடுத்தபோது, மன்னா கம் மட்டுமே தின்றுவந்தவற்றின் குடல் நுண்ணுயிர்கள் மாறின. எந்த அளவுக்கு மாறினவோ அந்த அளவுக்கு மெஸ்மேட் தின்பதும் கூடியது.

இலை எங்கிருந்து வருகிறது?

தினமும் யாராவது வெட்டிக்கொண்டு வர வேண்டும், வேறு வழியில்லை. தைலமரத்தில் எழுநூறுக்கும் மேற்பட்ட வகைகள் இருந்தாலும் ஒரு பகுதியிலுள்ள கோவாலா விரும்பித் தின்பது கைவிரல் விட்டு எண்ணும் சிலவற்றைத்தான். ஃபாரஸ்ட் ரெட் கம், டேலோவுட், ஸ்வாம்ப் மஹோகனி, கிரே கம் என்று கிழக்குக் கரையில் ஒரு பட்டியல், தெற்கே போனால் மன்னா கம். நேற்று தின்ற அதே மரத்தின் கிளையை இன்று மோந்து பார்த்துவிட்டு ஒதுக்கிவிடும். அதனால் நான்கைந்து வகை வைத்தாக வேண்டும்.

வெட்டிய கிளைகளைத் தண்ணீர் நிறைந்த குழாய்களில் செருகி, மேலே தண்ணீர் தெளித்து வைப்பார்கள். குட்டிக்கு முதலில் கொடுப்பது சிவந்த தளிர் நுனிகள். வளர்ந்த கோவாலா நாளுக்கு அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை இலை தின்னும், ஆனால் அதைத் தேர்ந்தெடுப்பதற்கு அதைப் போல் பல மடங்கு கிளை முன்னால் இருக்க வேண்டும். மழையென்றாலும் பண்டிகையென்றாலும் இந்த வேலைக்கு விடுமுறை இல்லை. பராமரிப்பு மையங்களில் ஆள் தட்டுப்பாடு முதலில் வருவதும் இங்கேதான்.

கிளாமிடியா என்ற பாக்டீரியா நோய் குட்டிகளையும் தாக்குமா?

தாக்கும். தாயிடமிருந்து, பாப் வழியாகவும் தொற்றலாம். கண் சிவந்து சீழ் பிடித்துப் பார்வை போகும், சிறுநீர்ப்பை வீங்கிப் பின்பக்கம் எப்போதும் நனைந்திருக்கும், பெண்ணுக்கு மலட்டுத்தன்மை வரும். மேலே சொன்ன சாம் தீக்காயத்திலிருந்து தேறிவிட்டாள். ஆனால் அதே 2009 ஆகஸ்டில் கிளாமிடியா முற்றிய நிலையில் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று.

சிகிச்சையிலும் ஒரு பொறி இருக்கிறது. கிளாமிடியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக், இலையைச் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்களையும் சேர்த்துக் கொல்லலாம். நோய் குணமாகிப் பட்டினியில் சாவது நடந்திருக்கிறது. அதனால்தான் தடுப்பூசிக்காகப் பல வருடம் காத்திருந்தார்கள். சன்ஷைன் கோஸ்ட் பல்கலைக்கழகம் உருவாக்கிய தடுப்பூசிக்கு 2025 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது.

வளர்த்தவரை விட்டு எப்படிப் போகும்?

படிப்படியாக. பால் நின்று இலை மட்டும் தின்னத் தொடங்கியதும், வேலியடைத்த வெளிக்கூண்டில் உண்மையான மரங்களோடு விடுவார்கள். அங்கே ஏற, தாவ, மழையில் நனைய, காற்றில் கிளையைப் பிடித்துக்கொண்டு தூங்கப் பழகும். மனிதர் நடமாட்டம் வேண்டுமென்றே குறைக்கப்படும், பெயர் சொல்லிக் கொஞ்சுவதும் நின்றுவிடும். இரண்டரைக் கிலோவைத் தாண்டி, எடை நிலையாக இருந்து, மருத்துவர் பார்த்துச் சம்மதித்த பிறகு, முடிந்தவரை கிடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே விடுவார்கள். ஒன்றரை வருடம் நெஞ்சில் சுமந்து வளர்த்தது மரத்தில் ஏறித் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனால் வளர்த்தவருக்கு அழுகை வரும். இந்த வேலையில் அதுதான் முழு மதிப்பெண்.

எல்லாக் குட்டியும் பிழைத்துவிடுமா?

இல்லை. வேட்டைநாய் மாதிரி கடிக்காமல் வீட்டு நாய் லேசாகக் கவ்வியதுகூட உள்காயமாகி இரண்டாம் நாள் உயிரை எடுக்கும். சிலவற்றைக் கருணைக்கொலை செய்வதும் இந்த வேலையின் பகுதிதான்.

இத்தனை பாடு அவசியமா? சில இடங்களில் கோவாலா அதிகமாகிவிட்டது என்கிறார்களே?

இரண்டுமே நிஜம். விக்டோரியாவின் சில இடங்களிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் மரம் தாங்காத அளவுக்குப் பெருகியிருக்கின்றன. 1920களில் 18 கோவாலாக்களைக் கொண்டுவந்து விட்ட கங்காரு தீவில் பிற்பாடு பல்லாயிரம் ஆயின, 2019-20 காட்டுத்தீயில் தீவின் பாதியளவு எரிந்தபோது பெருமளவு அழிந்தன. வடக்கே கதை வேறு. குயின்ஸ்லாந்தில் 1927இல் தோலுக்காக ஒரு மாதம் வேட்டையைத் திறந்துவிட்டதில் ஆறு லட்சம் போல் கொல்லப்பட்டன. அதற்கப்புறம் காடழிப்பு, சாலை, நாய், நோய். 2022 பிப்ரவரியில் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகரப் பிரதேசக் கோவாலாக்களை அழியும் அபாயத்தில் உள்ளவையாக மத்திய அரசு அறிவித்தது.

குட்டிகளைக் கையால் வளர்த்து மட்டும் ஓர் இனத்தைக் காப்பாற்ற முடியாது, மரம் இருந்தால்தான் முடியும். ஆனாலும் 1973இல் ஜீன், மேக்ஸ் ஸ்டார் தம்பதி தொடங்கிய போர்ட் மக்வாரி கோவாலா மருத்துவமனை போன்ற இடங்களில் சேர்ந்த அனுபவமும் பதிவுகளும்தான் இன்று நோய், உணவு, மருந்து அளவு பற்றிய அறிவில் பெரும்பங்கு. அந்த வகையில் ஒவ்வொரு குட்டியும் கணக்கில் வருகிறது.

ஊட்டியில்தான் தைலமரம் கொட்டிக் கிடக்கிறதே, அங்கே வாழுமா?

இந்தக் கேள்வி வராமல் இருக்காது! நீலகிரியில் பிரிட்டிஷார் காலத்தில் நட்ட புளூ கம் மரத்தைத் தென் ஆஸ்திரேலியக் கோவாலா தின்னும் என்பது சரிதான், விக்டோரியாவின் புளூ கம் தோப்புகளிலேயே அவை ஏராளம். ஆனால் ஒரே வகை மரத்தையும் குளிரையும் காட்டிக் கூப்பிட்டுவிட முடியாது. சிறுத்தையும் தெருநாயும் இருக்கிற மலை அது. தவிர, ஆஸ்திரேலிய மரத்தைக் கொண்டுவந்து நட்டுச் சோலைக்காடும் புல்வெளியும் பட்ட பாடே போதும்.

குட்டி வளர்க்க முடியாத நான் என்ன செய்யலாம்?

இலை வெட்டப் போகலாம், மையங்கள் கையெடுத்துக் கும்பிடும். பணம் தருவதாக இருந்தால் பதிவுபெற்ற அமைப்புக்குத் தாருங்கள். வீட்டில் நாய் இருந்தால் இரவில் உள்ளே வையுங்கள், கோவாலா தரையிறங்கி நடப்பது பெரும்பாலும் இருட்டிய பிறகுதான். நீச்சல் குளம் இருந்தால் தடித்த கயிறு ஒன்றைக் கரையில் கட்டி, மறுமுனையில் மிதவை மாட்டித் தண்ணீரில் விடுங்கள். கோவாலாவுக்கு நீந்தத் தெரியும், வழுக்கும் ஓட்டுச் சுவரில் ஏறத்தான் முடியாது. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை அவை அதிகம் அலையும் காலம், கோவாலா எச்சரிக்கைக்காக மஞ்சள் பலகை வைத்த சாலைகளில் மாலைக்கு மேல் வேகத்தைக் குறையுங்கள். உங்கள் பகுதி மீட்புக் குழுவின் எண்ணை இன்றைக்கே போனில் பதிந்து, பின்னிருக்கையில் பழைய துண்டு ஒன்றைப் போட்டு வையுங்கள்.